கப்பல் மருந்து

சேமீசி செத்துப் பல வருஷம் ஆன பிறகும் அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு கிழங்கு வெந்துகொண்டுதான் இருந்தது. குழி அடுப்பில் சூட்டுக்கல்லின் மேல் கிழங்குகளை அடுக்கும்போது மருமகள் லவீனியா ஒன்றைக் கூடுதலாக வைப்பாள். திறக்கும்போது ஒன்று குறையும். பன்றி தின்றிருக்கும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். மண்ணைத் தோண்டி, இலையை விலக்கி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பழையபடி மூடிவைத்துவிட்டுப் போகிற பன்றி மோட்டுலாலோ தீவில் அப்போது எதுவும் இல்லை.

உயிரோடு இருந்த காலத்திலேயே சேமீசி எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத மனுஷர். மீனைத் தொடுவார், பாயைத் தொடுவார், புதிதாக வந்த போதகரின் கோட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னார். செத்ததோடு அந்தப் பழக்கம் போய்விடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே கைக்குழந்தை மனாசேயின் முதுகில் விரல் நீளத்துக்குச் சிவப்பாகத் தடித்திருந்ததைப் பார்த்ததும் கலோலைனேக்குச் சந்தேகமே வரவில்லை.

"அப்பா தொட்டுருக்காரு. பாருளா லவீனியா, இது ஆள்காட்டி விரலு. இது கட்டை விரலு. கப்பல்ல வரும்போதே கனவுல வந்தாரு. பேரனப் பாக்கணும்னு நின்னாரு."

"மைனி, நேத்து நீங்க பிள்ளைக்குச் சிப்பிக்கறி ஊட்டுனீங்கள்லா..."

"ஊட்டுனேன். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல மைனி."

"சிப்பி தின்னா இந்த ஊர்ல எவனுக்காவது தடிச்சிருக்கா? சிப்பி தின்னுதான் எங்க வம்சமே வளந்துருக்கு. இலைச்சாறத் தேச்சுக் குளிப்பாட்டு. நான் சொல்லுத வரைக்கும் வேற மருந்து மாயம் ஒண்ணும் குடுக்காத. அப்பா தொட்ட இடத்துல மருந்தப் போட்டா, அவரு கையத் தட்டி விட்ட மாதிரி ஆயிரும். என்ன?"

"சரி மைனி."

கலோலைனே லவீனியாவின் புருஷன் இசிகேலியின் அக்காள். மகள் கல்யாணத்துக்கு மரப்பட்டைத் துணி அடித்து எடுத்துப்போக ஆக்லாந்திலிருந்து வந்திருந்தாள். இந்தத் தீவுகளில் அப்பனின் அக்காள் வீட்டுக்குள் வந்தால் அப்பன் வெளியே இறங்கி உட்கார வேண்டும். தம்பி வளர்த்த பன்றி, தம்பி நட்ட கிழங்கு, தம்பி பெற்ற பிள்ளை எல்லாவற்றிலும் அவள் கை வைக்கலாம். எதற்கு என்று ஒருவரும் கேட்கக் கூடாது. மனாசேக்குப் பெயர் வைத்ததும் அவள்தான், போனிலேயே. லவீனியா மனசில் வேறொரு பெயர் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று ராத்திரி பூரா குழந்தை சொறிந்துகொண்டு அழுதது. இலைச்சாறு தேய்த்த இடமெல்லாம் பச்சையாயிற்றே தவிரத் தடிப்பு இறங்கவில்லை. விடிந்ததும் கலோலைனே கடலில் கால் நனைக்கப் போன நேரம் பார்த்து லவீனியா பாயைத் தூக்கினாள். பாய்க்கு அடியில் கப்பல் மருந்து இருந்தது.

பாட்டிலில் வேறேதோ நீளமான பெயர் எழுதியிருக்கும். ஊரில் கப்பல் மருந்து என்றுதான் சொல்வார்கள். தீவுக்குத் தீவு போகிற கப்பலில் குடல் வாய்க்கு வராமலிருக்க ஒரு கரண்டி. கொசு கடித்துத் தடித்தால், மூக்கு ஒழுகினால், தும்மல் நிற்காவிட்டால் ஒரு கரண்டி. எல்லாவற்றுக்கும் கேட்கும்; கூடவே தூக்கத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அந்தத் தூக்கம் மருந்தின் குறை என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை, இனாம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு சமயம் ஃபினேயாசிக் கிழவர் அதைக் குடித்த கையோடு மயக்கம் தரும் காவா வேர்ச்சாறு குடிக்கிற வட்டத்திலும் உட்கார்ந்து சிரட்டை சிரட்டையாக இழுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். பிரசங்கம் தொடங்கும்போது கண்ணை மூடினார். விழித்தபோது போதகர் அதே வசனத்தில் நின்றுகொண்டிருந்தார். அதிக நேரம் தூங்கவில்லை என்று கிழவருக்குச் சந்தோஷம். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இதற்கிடையில் அவர் மனைவி சவப்பெட்டிக்கு அளவெடுத்து முடித்திருந்தாள். அந்த மருந்தைப் பற்றி ஊருக்கு அன்றைக்கே ஒரு பயம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது.

லவீனியா கையிலிருந்தது கலோலைனேயே போன வருஷம் சாமான்களோடு அனுப்பிய பாட்டில். எழுத்து உப்புக்காற்றில் அழிந்து, அளவுக்கிண்ணி தொலைந்துபோயிருந்தது. ஒரு கரண்டி கொடுத்தாள். சின்னக் கரண்டியா பெரிய கரண்டியா என்று பார்க்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரு கரண்டி. மனாசேக்கு இன்னும் முதல் பிறந்தநாள் விருந்து வைக்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் தெருப் பெண்கள் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். ஊறவைத்த பட்டையை மரக்கட்டையின் மேல் விரித்து ஆளுக்கொரு கொட்டாப்புளியால் அடித்தார்கள். உள்ளங்கை அகலத்தில் இருப்பது அடிக்க அடிக்கப் பாய் அகலத்துக்கு விரியும். பிறகு வேகவைத்த கிழங்குப் பசையால் ஒன்றோடு ஒன்றை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருத்தி அடித்து முடிக்கும் இடத்தில் அடுத்தவள் அடி விழும். கண்ணை மூடிக் கேட்டால் ஒரே ஆள் ஓடுவது மாதிரி இருக்கும்.

"ஏக்கா, மாப்பிள்ளை வெள்ளைக்காரனாமே?" என்று பக்கத்து வீட்டு ஆனசேனி தொடங்கினாள். "அவ்வளவு பெரிய துணிய அவன் எங்க கொண்டு விரிப்பான்?"

"விரிக்கதுக்கா குடுக்கோம்? பாத்துப் பயப்படதுக்குக் குடுக்கோம்" என்றாள் கலோலைனே.

"உங்களப் பாத்தே பயந்துருப்பானே."

"பயந்துதான் கல்யாணத்துக்குச் சம்மதிச்சான். நீ பட்டையப் பாத்து அடி, ஓட்டை விழுந்துராம."

குழந்தை ஓரமாகப் பாயில் கிடந்து முனகியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கலோலைனே கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு அதை மடியில் எடுத்தாள்.

"என் ராசா, என் தங்கக் கட்டி, அத்தை இருக்கேன்லா. ஒரு பொட்டுத் தூங்கலையே பிள்ள." தோள்பையைத் துழாவிப் புதுப் பாட்டில் ஒன்றை எடுத்தாள். "அப்பாகிட்ட நான் கேட்டுக்கிட்டேன். இப்ப என் கையால குடுத்தா ஒண்ணும் நினைக்கமாட்டாரு. எம் பிள்ளையளுக்கு ஏரோப்ளேன் ஏறும்போதெல்லாம் இதுதான். இறங்குத வரைக்கும் ஒரு சத்தம் வராது."

கிண்ணி நிறைய ஊற்றினாள்.

ஒரு அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை.

"ஏளா லவீனியா, கை நின்னுட்டு!" என்றாள் ஆனசேனி.

லவீனியாவின் கொட்டாப்புளி தலைக்கு மேல் நின்றது. சொன்னால், தடுத்த மருந்தைக் கொடுத்தவள் ஆவாள். மாமனாரின் கையைத் தட்டிவிட்டவள் ஆவாள். தெருவே பார்த்திருக்கப் பிள்ளையின் அத்தையைத் திருத்தியவள் ஆவாள். அந்த ஊரில் அப்படி ஒருத்தி இதுவரை இருந்ததில்லை. ஒரு கிண்ணிதானே என்று நினைத்தாள். கொட்டாப்புளியை இறக்கினாள். குழந்தை கிண்ணியை நக்கியது, இனிப்பு.

அதன் பிறகு குழந்தை நன்றாகத் தூங்கியது. பெண்கள் எல்லாரும் அதைப் பாராட்டினார்கள்.

பட்டை அடிக்கிற இடத்தில் யாரும் மணி பார்ப்பதில்லை. லவீனியாவுக்கு நெஞ்சு கனத்து வந்தது. பால் கட்டி, சட்டை நனைந்து, கையைத் தூக்கும்போதெல்லாம் வலித்தது. பிள்ளை குடிக்க வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்த் தூக்கினாள். தண்ணீரில் ஊறிய பட்டையைத் தூக்கினால் எப்படி இரண்டு பக்கமும் தொங்குமோ அப்படிக் கிடந்தது. காம்பை வாயில் வைத்தாள். பால் உதட்டோரம் வழிந்து கழுத்துக்குள் போயிற்று. மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததைக் காணோம். கொட்டகையில் அடிமேல் அடி விழுந்துகொண்டிருந்தது. அவள் எண்ண மறந்த பிறகு அடுத்த மூச்சு வந்தது.

"மைனி. பிள்ள முழிக்க மாட்டேங்கான்."

"தூங்கட்டும்ளா. நேத்துத் தூங்காத தூக்கம்."

"மைனி!"

கலோலைனே வந்தாள். உள்ளங்காலைக் கிள்ளினாள். கன்னத்தைத் தட்டினாள். குழந்தையின் உதடு லேசாகக் கோணி, தூக்கத்தில் சிரிப்பதுபோல் இருந்தது. கண் இமை பாதி திறந்து கூரை மூங்கிலைப் பார்த்தது. அவளும் அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அவள் முகம் யாரையோ பார்த்துவிட்ட முகமாகிவிட்டது.

"வந்துட்டாரு. கூட்டிட்டுப் போக வந்துட்டாரு. கனவுல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, மூச்சு முட்டுது மூச்சு முட்டுதுன்னு. எனக்குப் புரியலயே. வேரு. குழி மேட்டுக் கள்ளிமந்தாரை மரத்து வேரு அவரு நெஞ்சுல ஏறிருக்கு. அதான் பிள்ளைக்கு மூச்சுக் குத்துது. இசிகேலியக் கூப்பிடுங்க! மம்பட்டி எடுக்கச் சொல்லுங்க!"

இது அங்கே புதிதல்ல. புதைத்தவரின் எலும்பில் வேர் குத்தினால் இருக்கிறவரின் உடம்பில் வலிக்கும். குழியைத் திறந்து வேரை எடுத்து, எலும்புக்கு எண்ணெய் பூசி மூடினால் சரியாகும். மோட்டுலாலோவில் பாதிப் பேர் அப்படிச் சரியானவர்கள். மீதிப் பேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இசிகேலி கிழங்குத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து கொட்டகைக்கு வெளியே நின்றான். அக்காளும் தம்பியும் ஒரே கூரைக்குள் இருக்கக் கூடாது, முகத்துக்கு முகம் பேசக் கூடாது. அவள் உள்ளிருந்து சொல்ல, அவன் வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"சரிக்கா."

லவீனியா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். "ஏங்க, படக எடுங்க. பெரிய தீவுல நர்சுகிட்டப் போவோம்."

"அக்கா சொல்லட்டும்."

"அவிய சொல்லலன்னா?"

இசிகேலி மண்வெட்டியின் காம்பைப் பார்த்தான். "அப்பா பிடிய விட்டாத்தான படகு நகரும்? முதல்ல அவரப் பாத்துருவோம் புள்ள. அழாத."

சேமீசியின் குழி கடலோரமாக, வெள்ளை மணல் மேடு. மேலே கருங்கூழாங்கல், சுற்றிலும் கவிழ்த்துப் புதைத்த பாட்டில்கள். வானம் மழைக்கு இருண்டிருந்தது. ஃபினேயாசிக் கிழவர்தான் முதலில் மண்ணில் இறங்கினார்.

"உள்ள வச்சவன் நான். திறக்கவனும் நானாத்தான் இருக்கணும்" என்றார். பிறகு கீழே பார்த்து, "சேமீசி, நான்தாம்வே. காலக் கொஞ்சம் மடக்கிக்க. மம்பட்டி பட்டா அப்புறம் அதுக்கும் என்னத்தான் திட்டுவ."

மணல் இளகலாக வந்தது. ஆழம் போகப் போகப் பேச்சுக் குறைந்தது. மக்கிய பாயை விலக்கினார்கள். வேர் இருந்தது. பிள்ளையின் மணிக்கட்டுப் பருமனில், இடப்பக்கம் நுழைந்து, விலா எலும்புகளுக்குள்ளே கூடையில் பிரம்பு பின்னியதுபோல் போய், சரியாக நெஞ்சுக்குழியில் வெளியே வந்திருந்தது. கலோலைனே கனவில் கண்ட இடம். இசிகேலி இறங்கி எலும்பைக் கையால் பிடித்துக்கொள்ள, கிழவர் வேரை அறுத்தார். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சுச் சத்தம் வந்தது. மணல் சரிந்த சத்தம் என்று சொல்ல யாராவது ஒருவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லாரும் திரும்பி லவீனியாவின் மடியைப் பார்த்தார்கள். அப்பா பிடியை விட்டாயிற்று. பிள்ளை இப்போது விழிக்க வேண்டும்.

விழிக்கவில்லை. உதடு சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஒரு அலை வந்து திரும்பிப் போனது.

"மைனி" என்றாள் லவீனியா. "நானும் குடுத்தேன்."

"என்னத்தளா?"

"கப்பல் மருந்து. விடியக்காலம். நீங்க கடலுக்குப் போயிருந்தப்ப. அப்புறம் நீங்க கிண்ணில ஊத்துனதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். வாயத் தொறக்கல." அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. "வேரு இருக்கட்டும் மைனி. இருக்கு, நானும் பாத்தேன். ஆனா பிள்ளைய அமுக்குனது மாமா இல்ல. நீயும் நானும்."

‘நீ’ என்றாள். ஆனசேனி வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ "ஆண்டவரே" என்றார்கள். அத்தையை அப்படிச் சொன்னவள் வாய் வெந்துபோகும் என்பார்கள். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

கலோலைனே அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாள். பிறகு குழிக்குள் நின்ற தம்பியை, சின்ன வயசுக்குப் பிறகு முதல் தடவையாக, முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"இசிகேலி, படக எடு."

"அக்கா, என் கையி..." அவன் இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தான். செத்தவரைத் தொட்ட கை பிள்ளையைத் தொடக் கூடாது, மாதக் கணக்கில்.

"நீ பிள்ளையத் தொடாத. சுக்கானத் தொடு."

"அப்பா திறந்து கெடக்காருக்கா. மூடாமப் போனா பின்னாலயே வருவாரே."

அது நிஜம்தான். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

"வரமாட்டாரு. நான் பிடிச்சுக்கிடுதேன்."

ஆக்லாந்துச் செருப்போடு அவள் குழியில் இறங்கினாள். மணலில் உட்கார்ந்து, அவர் உயிரோடிருந்தபோதே பெற்ற பிள்ளைகள் தொடக் கூடாத அப்பாவின் தலையை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பெண்கள் அலறினார்கள். "நிக்கியளே, போங்க!" என்று கத்தினாள்.

மழை பிடித்துக்கொண்டது. எஞ்சின் முழு வேகத்தில் இருந்தும் படகு நகரவில்லை என்றே லவீனியாவுக்குத் தோன்றியது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது, சுக்கானருகே இசிகேலியோடு இன்னொரு ஆளும் உட்கார்ந்திருப்பதுபோல். இசிகேலியும் அதைக் கவனித்திருந்தான்; அந்தப் பக்கம் இடம் விட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். பவளத்திட்டைத் தாண்டும்போது படகின் பின்பக்கம் சட்டென்று மேலே எழும்பியது, யாரோ சட்டையைப் பிடித்து ஒருவரைப் பின்னுக்கு இழுத்ததுபோல. அதற்கப்புறம் படகு பறந்தது. லவீனியா பிள்ளையின் குதிகாலைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கிள்ளினால் ஒரு மூச்சு வந்தது.

நர்ஸ் மெலியானே முதலில் ஒன்றும் திட்டவில்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூக்கில் ஆக்சிஜன் குழாயை ஒட்டினாள். பிறகுதான் கேட்டாள்.

"என்ன குடுத்தீங்க? எவ்வளவு? எப்ப? மறைக்காமச் சொல்லு."

லவீனியா மறைக்கவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்ட வாய்க்கு இரண்டாம் தடவை சுலபமாக இருந்தது. இரண்டு பாட்டிலையும் மடியிலிருந்து எடுத்து வைத்தாள். பழையதை விடிந்ததிலிருந்தே மடியில் செருகியிருந்தாள்; புதுப் பாட்டிலைக் குழியோரம் கிடந்த தோள்பையிலிருந்து ஆனசேனி எடுத்துத் திணித்திருந்தாள்.

"ரெண்டு வயசுக்குள்ள இதத் தொடவே கூடாதும்மா. பெரிய ஆளுக்குத் தூக்கம் வரும். இத்துணூண்டு உடம்புக்கு மூச்சு விடுததே மறந்துபோவும்." டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். "முறிக்கதுக்குன்னு மருந்து கிடையாது. அது தானா இறங்கணும். அதுவரைக்கும் இவன் மூச்ச மறக்கும்போதெல்லாம் நாம ஞாபகப்படுத்தணும். உக்காரு. கால நீ பிடி, நெஞ்ச நான் பாக்குதேன்."

இசிகேலி ஜன்னலுக்கு வெளியே மழையில், கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வரச் சொன்னார்கள், வரவில்லை.

வெளுக்கும்போது பிள்ளை அழுதது. நல்ல அழுகை என்று சொல்ல முடியாது. தொண்டை கட்டிய, கோபமான, பசித்த அழுகை. வாயைக் கொண்டுபோவதற்குள் லவீனியாவுக்குப் பால் பீறிட்டு மெலியானேயின் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது. நர்ஸ் அதைத் துடைக்காமல் அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். "இனிமே தடிப்பு வந்தா இங்க கூட்டிட்டு வா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "சிப்பியும் குடுக்காத."

அன்று பகலும் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள்தான் அனுப்பினார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது கலோலைனே குழியில் அப்படியே இருந்தாள். பெண்கள் அவளுக்கு மேல் மரப்பட்டைத் துணியைக் கூரையாகப் பிடித்திருந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு அடித்த துணி. மழையில் பசை கரைந்து துண்டு துண்டாகத் தொங்கியது. அதை அடித்த பெண்களே மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அழுதானா?" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னும் நிறுத்தல மைனி. காது கேக்கலையா?"

"எங்க கேக்கு? இவரு விட்டாத்தான. ரெண்டு நாளா ஒரே பேச்சு."

"என்ன சொன்னாரு?"

"பழைய கதைதான். முக்காவாசி பொய்யி." குனிந்து மடியிலிருந்ததைப் பார்த்தாள். "கேட்டீங்களாப்பா? அழுதுட்டானாம். நீங்க தனியாத்தான் போவணும்."

தலையை இருந்த இடத்தில் வைத்து எண்ணெய் பூசினாள். ஃபினேயாசி கைகொடுத்து அவளைத் தூக்கிவிட்டு மண்ணைத் தள்ளினார். மேலே வந்தவளிடம் லவீனியா வழக்கப்படி பிள்ளையை நீட்டினாள். கலோலைனே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வேண்டாம்ளா. அப்பா தலையத் தொட்ட கையி. இனிமே பல மாசத்துக்குச் சோத்தக்கூடத் தொட முடியாது."

அப்படித்தான் அவள் விமானத்தைத் தவறவிட்டாள். கல்யாணம் அவளில்லாமல், துணியில்லாமல் நடந்தது. ஊரே தவமிருந்து கும்பிடுகிற அத்தை, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேளைக்கு வேளை லவீனியா இலைச்சுருணையைப் பிரித்து, விரலால் பிசைந்து, ஊதி, அவள் வாயருகே கொண்டுபோவாள்.

"இதுல என்ன?" என்பாள் கலோலைனே, வாயை மூடிக்கொண்டே.

"சேம்பிலை, தேங்காப்பாலு, மீனு."

"வேற?"

"உப்பு."

"எம்புட்டு?"

"ஒரு கிள்ளு மைனி."

கலோலைனே தம்பி பெண்டாட்டியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அப்புறம் வாயைத் திறப்பாள்.